ஒரே ஒரு வலை

பிள்ளை வந்து, "அம்மா, நான் கோலியா நிக்கப் போறன்" என்று சொன்னால், சந்தோஷப்படுவதற்கும் தலையில் கை வைப்பதற்கும் முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐஸ் ஹொக்கி ஆட்டமொன்றுக்கு ஓர் அணி ஏறத்தாழ இருபது பேரோடு இறங்கும். அதில் வலை காக்கிற கோலிகள் இரண்டு பேர். அந்த இருவரிலும் ஐஸில் நிற்பது ஒருவர்தான். முன்வரிசையில் விளையாடுகிற பையன் முக்கால் நிமிடம் ஓடிவிட்டு வந்து பெஞ்சில் இருப்பான். பிழை விட்டிருந்தாலும் கொஞ்ச நேரத்தில் திரும்ப உள்ளே போவான். அவனுக்கு நான்கு வரிசை இருக்கிறது, ஏதோ ஒன்றில் இடம் கிடைத்துவிடும். கோலிக்கு நான்காம் வரிசை என்று ஒன்று கிடையாது. ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில், அதாவது ஓஎச்எல்லில், 20 அணிகள். அணிக்கு இரண்டு பேர் என்றால் மொத்தம் 40 இடம். பதினாறு வயதிலிருந்து இருபது வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் எல்லாரும் அந்த நாற்பதுக்குத்தான் அடிபட வேண்டும். இடம் பிடித்தவன் இலேசில் விட்டுவிட்டுப் போகவும் மாட்டான். ஜூனியர் ஹொக்கியில் ஒரு கோலிக்கு நடக்கிற நல்லது கெட்டது அனேகமாக எல்லாமே இந்தக் கணக்கிலிருந்து கிளம்புகிறவைதான்.

என் மகன் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். ரொறன்ரோவின் ஜிடிஎச்எல் லீக்கில் சிறுவர் அணிகளில் நின்று, பிறகு வடக்கு ஒன்ராறியோவில், ஓஎச்எல்லுக்கு ஒரு படி கீழான ஜூனியர் ஏ அணி ஒன்றுக்குப் போனான். இப்போது ஜூனியர் வயதின் கடைசிப் பருவம். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் கோல் காத்தவள்; அதைத் தவிர எனக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. ஸ்கேட் போட்டு நிமிர்ந்து நிற்க இன்றுவரை தெரியாது. ஆனாலும் அரீனாக் குளிரில் இத்தனை வருடம் நின்றதில் சில விஷயங்கள் பிடிபட்டிருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் சிலர் இப்போது வலைக்கு முன்னால் நிற்க ஆசைப்படுகிறார்கள். அவர்களுடைய தாய் தகப்பன்மார் எனக்குப் போன் எடுக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

அவசரப்பட வேண்டாம் என்பதை முதலில் சொல்லுவேன். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கோலியின் உடுப்பில்தான் ஆசை. முகமூடியும் பெரிய கையுறையும் போட்டுக்கொண்டு நிற்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது? ஹொக்கி கனடாவின் திட்டத்தில் ஏழு வயதுக்குட்பட்டோருக்கு நிரந்தரக் கோலி கிடையாது. பாதி ஐஸில் விளையாடுவார்கள், முறை வைத்து மாறி மாறி நிற்பார்கள். நல்ல ஏற்பாடு. ஒன்பது, பத்து வயது வரைக்கும் பிள்ளை மட்டையோடு ஓடித் திரியட்டும். "ஒரு இடத்தில நிக்கிறவனுக்கு ஸ்கேட்டிங் என்னத்துக்கு" என்று கேட்பவர்கள் ஒரு நல்ல கோலியை ஐந்து நிமிடம் கவனித்துப் பார்த்ததில்லை. ஒரு கம்பத்திலிருந்து மற்றக் கம்பத்துக்குப் பக்கவாட்டில் தள்ளிப் போய், சடாரென்று நின்று, முழங்காலில் விழுந்து, விழுந்தபடியே சறுக்கி, ஒரு காலை ஊன்றி எழும்ப வேண்டும். அதுவும் பக் என்கிற வட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அணியிலேயே கால் வேலை சுத்தமாக இருக்க வேண்டியவன் கோலிதான்.

கோடையில் ஐஸை மறந்துவிட வேண்டும். வருடம் முழுக்க முகாம், முகாம் என்று காசு வாங்க ஆட்கள் இருக்கிறார்கள், நாங்கள் போகவில்லை. மகன் தகப்பனோடு பார்க்கில் கிரிக்கெட் விளையாடினான். இவர் டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிவார், அது திரும்பி வருகிற கோணத்தைப் பார்த்து மகன் ஒற்றைக் கையால் பிடிக்க வேண்டும். இடது கை சரளமானது அந்தச் சுவரடியில்தான் என்று அவனே சொல்லுவான். கோடையில் ஓய்வு வேண்டும் என்பதற்கு உடம்பின் பக்கமிருந்தும் காரணம் உண்டு. இன்றைக்கு அனேகமாக எல்லாக் கோலிகளும் நிற்பது பட்டர்ஃபிளை முறையில். இரண்டு முழங்காலையும் ஐஸில் ஊன்றி, கீழ்க்கால்களை இரண்டு பக்கமும் விரித்து வலையின் அடிப்பாகத்தை மூடுகிற முறை. கிளென் ஹோல் என்ற கோலி அந்தக் காலத்திலேயே இப்படி விழுந்து காட்டியவர். 1986இல் இருபது வயதுப் பற்ரிக் றுவா மொன்றியல் அணிக்கு ஸ்ரான்லி கிண்ணத்தை வென்று கொடுத்தபிறகு உலகமே அந்த வழியில் போய்விட்டது. இடுப்பு மூட்டு உள்ளே திரும்பித் திரும்பி அடிவாங்குவதுதான் அதற்குக் கொடுக்கிற விலை. வளருகிற பிள்ளை தொடை இடுக்கில் நோகுது என்று சொன்னால் "வளர்ற வயசு, நோகும்தான்" என்று தைலம் பூசி விடாதீர்கள். கோலிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள்.

இனி உடுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், காசு கரைகிற இடம் இதுதான்.

கடைக்குப் போனவுடன் எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை, "வளர்ற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் கூட எடுப்பது. பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அது சரி. கோலியின் கால் பேடுக்குச் சரிவராது. பேடின் உட்பக்கம் முழங்கால் வருகிற இடத்தில் ஒரு தடித்த மெத்தை வைத்திருப்பார்கள். பிள்ளை விழும்போது முழங்கால் அந்த மெத்தையில் போய் இருக்க வேண்டும். பேட் பெரிதென்றால் முழங்கால் மெத்தையைத் தவறவிட்டு ஐஸில் இடிக்கும். தொடைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு நுனியும் ஒன்றோடொன்று முட்டி, கால்களுக்கு நடுவே பெரிய வாசல் திறக்கும். கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு எவ்வளவு, முழங்காலிலிருந்து தொடைக்கு எவ்வளவு என்று அளந்து தருகிற கடைக்குத்தான் போக வேண்டும். உயரம் மட்டும் கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்துத் தருகிற கடை வேண்டாம்.

பட்டிகளை இறுக்கிக் கட்டுவது இரண்டாவது பிரச்சினை. கழன்று விழுந்துவிடும் என்ற பயத்தில் பெற்றோர் இழுத்து இழுத்துக் கட்டுவார்கள். மனிதன் முழங்காலில் நின்றால் கீழ்க்காலின் முன்பக்கம் நிலத்தைத்தானே பார்க்கும். பேட் காலோடு இறுகியிருந்தால் அதுவும் ஐஸையே பார்க்கும். தளர்வாக இருந்தால்தான் விழுகிற நேரம் பேட் காலைச் சுற்றித் திரும்பி, தன் அகன்ற முகத்தை அடிக்கிறவனுக்குக் காட்டும். மகன் சின்னவனாக இருக்கையில் உடுப்பு மாற்றும் அறையின் ஈரத் தரையில் முழங்காலில் இருந்து இதெல்லாம் நான்தான் கட்டிவிடுவேன். முதலில் சப்பாத்து நுனி எலாஸ்டிக், பிறகு கெண்டைக்கால் பட்டி, கடைசியில் முழங்கால் பட்டி. பட்டிக்கும் காலுக்கும் இடையில் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பேன். பிறகு "விழு" என்பேன். அந்த ரப்பர் தரையிலேயே தொப்பென்று விழுவான். பேட் திரும்பினால் சரி, திரும்பாவிட்டால் ஒரு துளை தளர்த்துவேன்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது? கால் பேடைப் பழையதாக வாங்கலாம், ஒரு குறையும் இல்லை. முகமூடியையும் நெஞ்சுக் காப்பையும் புதிதாக வாங்குங்கள். பழைய முகமூடியின் உள்ளே இருக்கும் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. சிஎஸ்ஏ பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் ஒன்றுமே வாங்க வேண்டி வராது. பல கழகங்களிடம் இரவல் உடுப்பு இருக்கிறது, வாய் திறந்து கேட்டால் தருவார்கள். வாங்கியதைக் காயப்போடுவது தனி வேலை. ஆட்டம் முடிந்து பையைத் திறக்காமல் காருக்குள் விட்டால் மறுநாள் நெத்தலிக் கருவாட்டு மூட்டையைத் திறந்த மாதிரித்தான். வீட்டு நிலவறையில் ஒரு கம்பி நாட்டி, கீழே மின்விசிறி வைத்திருக்கிறோம். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், பட்டிகள் காய்ந்து வெடிக்கும்.

பக் என்பது மூன்று அங்குல அகலமும் ஒரு அங்குலத் தடிப்பும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டு. 170 கிராம் வரை நிறை. 1959 நவம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் அந்த வட்டு மொன்றியல் கோலி ஜாக் பிளான்ற்றின் முகத்தைக் கிழித்தது. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டு, முகமூடியோடுதான் திரும்ப வருவேன் என்று பிடிவாதமாக நின்று வந்தார். அவருடைய கோச்சுக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. முகத்தை மூடினால் வீரம் போய்விடும் என்ற காலம் அது. இன்றைக்கு முகமூடியைப் பற்றி யாரும் வாக்குவாதப்படுவதில்லை. வாக்குவாதமெல்லாம் கழுத்துக் காப்பைப் பற்றித்தான். வேர்க்குது, அரிக்குது, மூச்சு முட்டுது என்பார்கள். 1989 மார்ச்சில் பஃபலோ அணியின் கோலி கிளின்ற் மலார்ச்சுக்கின் கழுத்து நாளம் ஸ்கேட் அலகால் அறுபட்டது, தெய்வாதீனமாகப் பிழைத்தார். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தில் விளையாடிக்கொண்டிருந்த அடம் ஜோன்சன் அதே மாதிரி வெட்டுப்பட்டு இறந்துபோனார். அந்தக் கிழமையோடு எங்கள் வீட்டில் அரிப்புப் பற்றிய பேச்சு நின்றது.

தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று ஒன்ராறியோவில் சட்டமே இருக்கிறது. ரக்பி விளையாடி இறந்த ஒட்டாவாப் பிள்ளை றோவன் ஸ்ரிங்கரின் பெயரில் 2018இல் வந்த றோவன் சட்டம். வருடா வருடம் படித்துக் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்று வரும். பலர் படிக்காமலே போடுகிறார்கள். கோலியின் பெற்றோர் படித்துவிட்டுப் போடுங்கள்; முகமூடியில் பக் பட்டபிறகு "எனக்கு ஒண்டுமில்லை" என்று பிள்ளை சொன்னால் அதை நம்புவதா இல்லையா என்பதற்கு அதில் விடை இருக்கிறது.

பயிற்சியைப் பற்றி ஒன்று மட்டும். அணிப் பயிற்சிகள் அடிக்கிறவர்களுக்காக அமைக்கப்பட்டவை. வரிசையாக வந்து அடிப்பார்கள், ஒன்றைத் தடுத்துத் தலை நிமிர்வதற்குள் அடுத்தது வரும். அதில் கோலி படிப்பது பதற்றத்தை மட்டும். பெரும்பாலான கோச்சுகளுக்குக் கோலியின் வேலை தெரியாது, அவர்கள் முன்னாள் முன்வரிசைக்காரர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. "பயிற்சியில் பதினைந்து நிமிடம் கோலிகளை ஒரு மூலையில் தனியாக விடுவீர்களா" என்று பருவம் தொடங்கும் முன்பே பணிவாகக் கேளுங்கள். கோலிக் கோச் ஒருவரிடம் மாதத்தில் இரண்டு முறை போனாலே காணும்.

அணியைத் தெரிவு செய்வதில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. வெல்கிற அணிக்குப் போகத்தான் எல்லாருக்கும் விருப்பம். வெல்கிற அணியின் கோலிக்கு ஓர் ஆட்டத்தில் பன்னிரண்டு அடி வரும், மிச்ச நேரம் குளிரில் விறைத்துக்கொண்டு நிற்பான். கோலியை அளப்பது தடுத்த விகிதத்தை வைத்து. 30 அடியில் 3 உள்ளே போனால் .900, மரியாதையான எண். 12 அடியில் அதே மூன்று போனால் .750, பார்க்கச் சகிக்காது. ஓயாமல் அடிவாங்குகிற பலவீனமான அணியில் நின்று 4-2 என்று தோற்கிற கோலியைத்தான் ஆள் தேடி வருகிற ஸ்கவுட்டுகள் குறித்துக்கொண்டு போகிறார்கள். என் மகனுக்கு இரண்டு அணிகள் கூப்பிட்டபோது கீழே கிடந்த அணிக்குத்தான் போகச் சொன்னோம். அந்தப் பருவம் முழுக்கத் தோல்வி. அவன் கெட்டிக்காரனானது அந்தப் பருவத்தில்தான்.

தோல்வி என்றதும் உறவினர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் போன் வரும். "எத்தினை கோல் விட்டவன்?" எத்தனை தடுத்தவன் என்று ஒருவரும் கேட்பதில்லை. மாமி ஒருநாள் அரீனாவுக்கு வந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு முழு ஆட்டத்தையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் என் காதருகே குனிந்து, "எல்லாப் பிள்ளையளும் ஓடி விளையாடுதுகள், இவனை மட்டும் ஏன் ஒரு மூலையில நிப்பாட்டி வைச்சிருக்கினம்? ஏதும் குழப்படி செய்தவனோ?" என்று கேட்டார்.

அரீனாவில் மற்றப் பெற்றோரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். இது திமிர் என்று சிலர் நினைப்பார்கள், நினைக்கட்டும். கோல் விழுந்ததும் பின்வரிசையில் ஒரு பெருமூச்சு கேட்கும். "அதைப் பிடிச்சிருக்கலாம்" என்று யாரோ முணுமுணுப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நாகரிகமாக நிற்பது கஷ்டம். நான் எதிரணி வலைப் பக்கத்து மூலையில் நிற்பேன், அங்கிருந்தால் மகனின் முகம் எனக்கு நேரே இருக்கும். கோல் விழுந்தால் அவன் செய்கிற காரியங்கள் எனக்கு மனப்பாடம். மட்டையால் இடது கம்பத்தில் ஒரு தட்டு. வலைக்கு மேலிருக்கும் போத்தலை எடுத்து, குடிக்காமல், முகத்தில் ஒரு பீய்ச்சல். பிறகு எதிரே கூரையில் இருக்கிற ஏதோ ஒரு விளக்கைப் பார்ப்பான். குனிந்தானென்றால் அந்தக் கோல் முடிந்துபோன சங்கதி. பற்ரிக் றுவா கம்பங்களோடு கதைப்பாராம். எல்லாக் கோலிகளிடமும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். சிரிக்காதீர்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள்.

காரில் திரும்பி வரும்போது கோல்களைப் பற்றிக் கதைப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இவருக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. வண்டியை 401 நெடுஞ்சாலையில் ஏற்றியதுமே தொண்டையைச் செருமுவார், நான் ஒரு பார்வை பார்ப்பேன். முதலில் சாப்பாடு. ரிம் ஹோட்டன்ஸில் ஏதாவது வாங்கிக் கொடுத்தால் போதும். பிக்கரிங் தாண்டும்போது அவனே சொல்லுவான்: "ரெண்டாவது கோல், எனக்கு முன்னால ரெண்டு பேர் நிண்டவங்கள், நான் காணேல்ல." அப்போதும் "ஓம்" என்று மட்டும் சொன்னால் காணும். "உன்ர பிழை இல்லை, தடுப்புக்காரர்தான் சரியில்லை" என்று ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். ஆறுதலாகச் சொல்வது மறுநாள் உடுப்பறையில் அவன் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். பிறகு அந்தத் தடுப்புக்காரர்கள் இவனுக்கு முன்னால் விழுந்து பக்கைத் தடுக்க மாட்டார்கள்.

பதினைந்து, பதினாறு வயதில், அணிகள் முறை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற ஓஎச்எல் தெரிவு வரும். 15 சுற்றுகள். கணினித் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கும். என் மகனின் பெயர் வரவில்லை. இதைப் படிக்கிறவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் பெயரும் வராது, அதுதான் அந்தக் கணக்கு. கோலிகள் பிந்திப் பழுக்கிறவர்கள். உயரம் பிந்தி வரும். ஆட்டத்தைப் படிக்கிற அறிவு அதைவிடப் பிந்தி வரும். ஹென்றிக் லுண்ட்குவிஸ்ட் 2000ஆம் ஆண்டு, பெரிய தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் தெரிவில் 205ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு நியூயோர்க்கில் எத்தனை வருடம் நின்றார்! எங்கள் பக்கத்து றிச்மண்ட் ஹில் பையன் ஜோர்டன் பினிங்டன் 2011இல் தெரிவானவர். கீழ் லீக்குகளில் வருடக்கணக்கில் அலைந்து, 2019 ஜனவரியில்தான் சென்ற் லூயிஸ் அணிக்கு ஒழுங்காக நிற்கத் தொடங்கினார். அந்த நேரம் அணி பட்டியலில் கடைசியில் கிடந்தது. ஜூனில் கிண்ணம் அவர்கள் கையில். இந்தக் கதைகளைப் பிள்ளைக்குச் சொல்லலாம், ஆனால் உன் கதையும் இப்படித்தான் ஆகும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

பெண் பிள்ளையின் தாய் ஒருவர், தன் மகளுக்கு இதில் வழியுண்டா என்று கேட்டார். மனோன் றேயோம் 1991இல் த்றுவா-றிவியேர் ஜூனியர் அணிக்காக ஓஎச்எல் தரத்து ஆண்களின் மேஜர் ஜூனியர் ஆட்டத்தில் இறங்கிய முதல் பெண். அடுத்த வருடம் தம்பா பே அணிக்காக என்எச்எல் முன்னோட்ட ஆட்டத்திலும் நின்றார். அவரும் கோலிதான். 2024 ஜனவரியில் பெண்களுக்கான தொழில்முறை லீக் பிடபிள்யுஎச்எல் தொடங்கிவிட்டது, ரொறன்ரோவிலும் அணி இருக்கிறது. இப்போது பெண் பிள்ளைகள் ஆண்கள் லீக்கின் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ஜூனியருக்குப் போன முதல் வருடம் என் மகன் இரண்டாவது கோலி. அந்த வேலையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆட்டத்துக்கு முந்திய சூடேற்றலில் முழு உடுப்போடும் நிற்பான். ஆட்டம் தொடங்கியதும் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் கதவடியில் இருப்பான். வருகிறவனுக்குக் கதவைத் திறந்து விட வேண்டும், போகிறவனுக்குத் திறந்து விட வேண்டும். பயிற்சி முடிந்த பிறகும், இன்னும் கொஞ்சம் அடித்துப் பழக விரும்புகிறவர்களுக்காக நிற்க வேண்டும். முதலாவது கோலிக்குத் தண்ணீர்ப் போத்தல் நிரப்ப வேண்டும், அவன் நன்றாக நின்றால் முதல் ஆளாகப் போய்த் தலையோடு தலை முட்டிப் பாராட்ட வேண்டும். தன் இடத்தை வைத்திருப்பவனைப் பாராட்டுவது பதினேழு வயதில் சின்ன விஷயம் இல்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிறவனை அணி முழுக்கக் கவனித்துக்கொண்டிருக்கும்.

எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லுகிற ஆள் டேவிட் அயர்ஸ். 2020 பெப்ரவரி 22, ரொறன்ரோ. கரோலைனா அணியின் இரண்டு கோலிகளும் ஒரே ஆட்டத்தில் காயப்பட, அவசரத்துக்கென்று அரீனாவில் இருந்த 42 வயது மனிதரை இறக்கினார்கள். ஐஸை மெழுகுகிற ஸம்போனி வண்டி ஓட்டியவர். முதல் இரண்டு அடியும் உள்ளே போயின. பிறகு வந்த எட்டையும் தடுத்தார். கரோலைனா 6-3 என்று வென்றது. அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய அம்மா. அந்தத் தகவலை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்லுவேன்.

ஊரை விட்டுப் போகிற பிள்ளைகள் பில்லெட் வீட்டில் தங்குவார்கள். அணி தேடித் தருகிற ஒரு குடும்பம், மாதாந்தம் ஒரு தொகை. ஓஎச்எல்லில் அதை அணி கொடுக்கும். ஜூனியர் ஏயில் பெரும்பாலும் எங்கள் தலையில்தான். மகனைக் கொண்டுபோய் விட்ட அன்று அந்த வீட்டுப் பெண்மணி குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டை ஒதுக்கிக் காட்டி, "இது உங்கள் மகனுடையது" என்றார். நான் கொண்டுபோன இடியப்பமும் குழம்பும் அதில் இரண்டு நாள்தான் இருந்தன. மூன்றாம் நாள் அவருடைய கணவர் "இன்னும் இருக்கிறதா" என்று கேட்டாராம். பில்லெட் வீட்டாரோடு தாய் நேரடியாகக் கதைக்கிற பழக்கம் வேண்டும். கோச்சிடம் பிள்ளை மறைக்கிறது அந்த வீட்டுச் சமையலறையில் தெரியவரும். சாப்பிடாமல் இருக்கிறான், அறையை விட்டு வெளியே வருகிறான் இல்லை என்பதெல்லாம் எனக்கு அங்கிருந்துதான் தெரிந்தது. ஆட்டம் கிடைக்காத மாதங்களில் ஒரு கோலி தன்னைத்தானே தின்னத் தொடங்குவான். அணியில் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். 2018 ஏப்ரல் 6ஆம் திகதி சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் பிறொங்கோஸ் ஜூனியர் அணியின் பஸ் லொறியோடு மோதி 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். நாடு முழுக்க வீட்டு வாசல்களில் ஹொக்கி மட்டை சாத்தி வைத்தோம். மகன் அப்போது சின்னப் பிள்ளை. பிறகு அவனே அப்படியொரு பஸ்ஸில் பனிப்புயலில் இரவு முழுக்கப் பயணம் போகத் தொடங்கினான். இறங்கியதும் ஒரு குறுஞ்செய்தி, எத்தனை மணியானாலும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படிப்பு விஷயத்தில் அண்மையில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது, பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். முன்பு ஓஎச்எல்லில் விளையாடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு சாத்திவிடும். ஓஎச்எல் பிள்ளைகளைத் தொழில்முறை ஆட்டக்காரராகக் கணக்கெடுத்தார்கள். அதனால்தான் பலர் ஜூனியர் ஏக்குப் போனார்கள். 2024 நவம்பரில், அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ அந்த விதியை மாற்றியது. 2025 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறை. கதவு திறந்தது நல்லதுதான், ஆனால் ஒரே கதவால் இப்போது எல்லாரும் நுழைகிறார்கள். பல்கலைக்கழக அணியிலும் வலை ஒன்றுதான். ஆகவே பள்ளிக்கூடப் புள்ளிகள் முந்தியைவிட முக்கியம். எங்கள் வீட்டில் கணிதம் இறங்கினால் ஐஸ் இல்லை என்பது ஆரம்பத்திலிருந்தே விதி, அதில் இவரும் நானும் ஒரே கட்சி.

கடைசியாக, ஏதாவது ஓர் அணியில் கையெழுத்து வைக்கும் முன் கேட்க வேண்டியவை. எத்தனை கோலிகளை வைத்திருக்கப் போகிறீர்கள், இரண்டா மூன்றா? ஆட்டங்களை எப்படிப் பிரிப்பீர்கள்? கோலிக் கோச் உண்டா, கிழமையில் எத்தனை நாள் வருவார்? பில்லெட் காசு யார் கட்டுவது? இடையில் வேறு அணிக்கு மாற்றினால் கட்டிய கட்டணம் திரும்ப வருமா? ஜனவரித் தொடக்கத்தில் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கெடு வரும். இரவு போன் வந்து, விடிய உடுப்புப் பையோடு முன்பின் தெரியாத ஊருக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதையெல்லாம் கேட்டால் கோச் கோபிப்பாரோ என்று ஒரு தகப்பன் பயந்தார். கோபிக்கிறவர் என்றால் ஓகஸ்ட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது அண்ணை என்றேன். சிரித்துக்கொண்டு பதில் சொன்னால், அந்தப் பதிலை ஒருதரம் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜனவரியில் தேவைப்படும்.